ஒயிட்ஃபீல்ட் கூட்டத்துக்கு 30,000 பேர் வந்தார்களா? யார் எண்ணியது?

கணக்குப்பிள்ளை:
18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுப்புதல் பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் மைக் இல்லாமல் 30,000 பேருக்குப் பிரசங்கித்தாராம், அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளினே எண்ணிச் சொன்னாராம். பக்கத்து இழையில் நெல்லைக்காரன் அண்ணாச்சி அடித்துவிட்டிருக்கிறார். ஃபிராங்க்ளின் ஒரு தலையைக்கூட எண்ணவில்லை. பிலடெல்பியாவில் கோர்ட் படியில் நின்று பிரசங்கியார் பேசுகிறார். ஃபிராங்க்ளின் மார்க்கெட் தெருவில் ஆற்றுப் பக்கமாகப் பின்னால் நடந்துகொண்டே போகிறார். ஃப்ரண்ட் தெரு இரைச்சல் அமுக்கும்வரை குரல் கேட்டது. அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து மனசுக்குள் ஓர் அரைவட்டம் போட்டு, ஆளுக்கு 2 சதுர அடி கொடுத்தார். வந்த விடைதான் உங்கள் 30,000.

நெல்லைக்காரன்:
வந்துட்டாருய்யா வாத்தியார். ஃபிராங்க்ளின் நம்ம விசுவாசி கிடையாது. அவனே 30,000னு ஒத்துக்கிட்டான், உமக்கு எங்க வலிக்குது? காணிக்கையே போடக்கூடாதுன்னு வைராக்கியமா வந்த ஆளு, கேக்கக் கேக்க செம்பு, அப்புறம் வெள்ளி, கடைசியில பையில இருந்த தங்கம் வரைக்கும் தட்டுல கொட்டிட்டுப் போனான். அதுவும் அரைவட்டமா?

கணக்குப்பிள்ளை:
காணிக்கையை யார் கேட்டது? ஆரம் எத்தனை அடி என்று ஃபிராங்க்ளின் எழுதவே இல்லை. 30,000-லிருந்து பின்னோக்கிப் போட்டால் சுமார் 195 அடி வருகிறது. அதற்குள் ஆளுக்கு 2 சதுர அடி என்றால் காலை எட்டரை மணி டவுன் பஸ். அப்படி நின்றுகொண்டா மணிக்கணக்கில் பிரசங்கம் கேட்டார்கள்? ஆளுக்கு 4 கொடுங்கள், 15,000 ஆகிவிடும்.

பழைய பாளையங்கோட்டை:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். அது ஒயிட்ஃபீல்ட் இல்லை, விட்ஃபீல்ட்.

நெல்லைக்காரன்:
நியூயார்க் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர்ல அந்தத் தெருவையே கட்டிப் பாத்துட்டாங்க. நல்ல சூழல்னா 20,000லேருந்து 50,000 பேர் வரைக்கும் கேட்டிருக்கும்னு வந்துச்சு. இப்ப என்ன சொல்லப் போறீரு?

கணக்குப்பிள்ளை:
கேட்டிருக்கலாம் என்பது வேறு, வந்தார்கள் என்பது வேறு என்றுதானே தொண்டை கிழியக் கத்துகிறேன். 1740-ல் பாஸ்டனில் பிரியாவிடைப் பிரசங்கத்துக்கு 23,000 பேர் என்று பத்திரிகையில் போட்டார்கள். பாஸ்டன் ஜனத்தொகையே 17,000 தேறாது! கூடவே சுற்றி, பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பி விளம்பரம் பார்த்தவர் வில்லியம் சீவார்டு. சொந்தக் கட்சி மாநாட்டுக்குக் கூட்டம் எண்ணிய கதைதான்.

நெல்லைக்காரன்:
பக்கத்து ஊர்க்காரன் வரமாட்டானா? பனிமய மாதா தேருக்குத் தூத்துக்குடி ஜனம் மட்டுமா வருது?

முத்துக்குளி:
புராட்டஸ்டன்ட் சிஎஸ்ஐக்காரருக்குத் திடீர்னு மாதா தேர் ஞாபகம் வந்துருக்கு. போன வருஷம் அதே தேரை விக்கிரக ஆராதனைன்னு எழுதினது யாரு அண்ணாச்சி?

நெல்லைக்காரன்:
அது வேற பேச்சு.

வெஸ்லி வீட்டுப்பிள்ளை:
எல்லாரும் 30,000-ஐயே பிடித்துத் தொங்குகிறீர்கள். 1739-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளிகளிடம் முதன்முதலில் வெட்டவெளியில் பேசியபோது 200 பேர்தான். அவர்களுடைய கரி முகத்தில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டது என்பார்கள். ஆனால் கூட்டம் சேர்த்தாரே தவிர, மெதடிஸ்ட் சபையாகக் கட்டியது எங்கள் ஜான் வெஸ்லி.

நெல்லைக்காரன்:
தெருவுல நின்னு பேச வெக்கப்பட்ட உங்க வெஸ்லியை பிரிஸ்டலுக்குக் கூப்பிட்டு வெளிய இறக்கிவிட்டதே இவர்தான். நன்றி வேணும்யா. யாருக்கு ரட்சிப்புன்னு தேவன் முன்னமே குறிச்சுட்டாருன்னு இவர் நம்பின முன்குறித்தலை எதிர்த்துப் பிரசங்கம் பண்ணி அச்சும் போட்டாரே, அதுதான் நீங்க செஞ்ச கைம்மாறு.

வெஸ்லி வீட்டுப்பிள்ளை:
முன்குறித்தலை ஆரம்பித்தால் நான் தூங்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

கடைசி பெஞ்சு:
தலையை எண்ணுறீங்களே, அவர் விலைக்கு வாங்கின தலைகளையும் எண்ணுங்க. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமை முறைக்குத் தடை இருந்தபோது அதை நீக்கச் சொல்லி வாதாடியவர். 1751-ல் சட்டப்படி அனுமதி கிடைத்ததும் சந்தோஷப்பட்டார். அங்கே அவர் நடத்திய பெத்தெஸ்தா அனாதை இல்லத்துக்கு அடிமைகளுடைய உழைப்புதான் சோறு போட்டது. அவர்களும் அந்த 30,000-ல் உண்டா?

நெல்லைக்காரன்:
அடிமை விஷயத்துக்குத் தனி இழை போடுங்க தம்பி. இங்க தலைப்பு 30,000.

கடைசி பெஞ்சு:
பிடிக்காதது எல்லாத்துக்கும் தனி இழை. சரி சாமி.

கணக்குப்பிள்ளை:
தம்பி சொல்வது பெரிய விஷயம்தான், ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்று. 1756-ல் தன் நாட்குறிப்புகளைத் திருத்தி வெளியிட்டபோது அவரே சில இடங்களில் கூட்டக் கணக்கைக் குறைத்துக்கொண்டார். ஒயிட்ஃபீல்ட் குறைத்ததை நெல்லைக்காரன் குறைக்கமாட்டாராம்!

பழைய பாளையங்கோட்டை:
விட்ஃபீல்ட். மூன்றாவது முறை கண்ணில் படுகிறது.

நெல்லைக்காரன்:
அது தாழ்மை வாத்தியாரே. 13 தடவை அட்லாண்டிக் கடந்து, 1770-ல நியூபரிபோர்ட்ல சாகுறதுக்கு முந்தின ராத்திரி கூட மெழுகுவர்த்தியோட மாடிப்படியில நின்னு பேசின மனுஷன். அவரைப் பிரசங்க மேடைக்கு அடியிலயே புதைச்சாங்க. நீரு ஸ்கேல் எடுத்துட்டு அங்கயும் போவீரு.

கணக்குப்பிள்ளை:
போவேன். ஆரம் எத்தனை அடி?

நெல்லைக்காரன்:
30,000 பேர்.

பழைய பாளையங்கோட்டை:
முதலில் தலைப்பையாவது திருத்துங்கள்.