ஐந்தாவது மேட்டில் தூக்கியடித்த வண்டி: சஸ்பென்ஷன் சரிசெய்த அனுபவங்கள்

டிரெயிலில் (பனிப்பாதையில்) ஸ்னோமொபைல், அதாவது முன்னால் ஸ்கீ என்ற சறுக்குப் பட்டைகளும் பின்னால் சுழலும் பட்டையும் உள்ள பனி வண்டி, ஓட்டத் தொடங்கி ஏழு பனிக்காலம் ஆகிறது. முதல் நான்கு பனிக்காலம் சஸ்பென்ஷனை, அதாவது மேடுபள்ளத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பைத் தொட்டதே இல்லை. வாங்கியபோது எப்படி வந்ததோ அப்படியே ஓட்டினேன். வேகம் பழகிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. மதியத்துக்கு மேல், நிறைய வண்டிகள் போய் வந்த டிரெயிலில், வளைவுக்கு முன்னும் பின்னும் வரிசையாக மேடுகள் விழுந்திருக்கும். அந்த இடங்களில் வண்டியின் பின்புறம் என்னைத் தூக்கியடிக்கும். மாலையில் இறங்கும்போது இடுப்பை நிமிர்த்தவே நேரம் எடுக்கும்.

வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும் என்று நம்பினேன். பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கடைசி நிலைக்குக் கொண்டுபோனேன். ஸ்பிரிங்கின் அசைவுக்குத் தடை கொடுக்கும் எண்ணெய்க் குழாய்தான் ஷாக்; அது அமுங்கும்போது வரும் தடையான கம்ப்ரஷனை நான்கு கிளிக் (திருகியில் நான்கு படி) கூட்டினேன். தூக்கியடிக்கிறதே, ஸ்பிரிங் அவசரமாகத் திரும்புகிறது போல என்று நினைத்து ஷாக் திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டையும் கிட்டத்தட்ட முழுதாக மூடினேன், அதாவது மெதுவாக்கினேன். வண்டி இன்னும் மோசமானது.

விஷயத்தைப் புரியவைத்தவர் அன்று எனக்குப் பின்னால் வந்த நண்பர். நின்று ஓய்வெடுத்தபோது அவர் சொன்னார்: "முதல் இரண்டு மேட்டில் உங்கள் வண்டி நன்றாகத்தான் போகிறது. மூன்றாவதிலிருந்து பின்புறம் உட்கார்ந்துவிடுகிறது, எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாவதில்தான் உங்களைத் தூக்கி எறிகிறது." ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று காட்ட அதன் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் குனிந்து பார்த்தேன். பனியை விரலால் துடைத்தால், வளையம் அடிவரை தள்ளப்பட்டுக் கிடந்தது. இவ்வளவு இறுக்கிய பிறகும் ஷாக் முழுதாக அமுங்கியிருக்கிறது!

இறுக்கம் போதாது என்பதல்ல காரணம். ஒரு மேட்டில் அமுங்கிய சஸ்பென்ஷன் அடுத்த மேடு வருவதற்குள் நீண்டுவிட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நான்கு மீட்டர் இடைவெளியில் மேடுகள் இருந்தால், நொடிக்கு நான்கு மேடு வரும். அதாவது திரும்பி நீள்வதற்குக் கால் நொடிதான் கிடைக்கிறது. ரீபவுண்டை நான் மூடி வைத்ததால் அந்தக் கால் நொடிக்குள் பாதிதான் நீண்டது. அடுத்த மேடு மீதியிலிருந்து அமுக்கியது, அதற்கடுத்தது இன்னும் கீழிருந்து. ஐந்தாவது மேட்டுக்கு மிச்சம் எதுவும் இல்லை. இரும்பு மேல் உட்கார்ந்து மோதுவது போலத்தான் அது. ஆங்கிலத்தில் இதைப் பேக்கிங் என்பார்கள். அறிகுறி ஒன்றே போதும்: தனி மேட்டில் சுகம், தொடர் மேட்டில் அடி.

அங்கேயே நின்று ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்தேன். அதே பகுதியில் திரும்ப ஓட்டினேன். வித்தியாசம் தெரிந்தது. இன்னும் இரண்டு திறந்தேன், வண்டி தரையோடு ஒட்டி ஓடியது. ஆசை விடவில்லை, மறுபடியும் இரண்டு. இப்போது ஒரே ஒரு பெரிய மேட்டைத் தாண்டியதும் பின்புறம் உதைத்தது. அது உண்மையாகவே ரீபவுண்ட் அதிவேகம் ஆனதன் அடையாளம். இரண்டைத் திருப்பி மூடினேன். அந்த இடத்திலேயே இன்றுவரை நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: சாக் (sag) அளவு, அதாவது நம் எடையில் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பது. பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுதாக நீண்ட நிலையில் தரையிலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ், பை என எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நாம் ஏறி உட்கார, இன்னொருவர் அதே இடத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாக். என் வண்டியின் கையேடு 50 முதல் 75 மி.மீ. வரை இருக்கலாம் என்கிறது. எனக்கு 35 வந்தது. உயரத்தில் தூக்கி நிறுத்தி வைத்திருந்தேன், பள்ளத்தில் இறங்க ஷாக்குக்கு இடமே இல்லை. பிரீலோடை இரண்டு நிலை குறைத்ததும் 60 ஆனது. பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை, வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதைத்தான் மாற்றுகிறது. இது எனக்கு நான்கு வருடம் தெரியாது. ஸ்பிரிங் உங்கள் எடைக்கே போதவில்லை என்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும், பிரீலோடை முறுக்கிச் சரிக்கட்ட முடியாது.

கம்ப்ரஷனிலும் கூட்டிய நான்கில் மூன்றைக் குறைத்துவிட்டேன். இப்போது நாள் முழுக்க ஓட்டிய பிறகு ரப்பர் வளையம் அடிக்கு ஒரு விரல் அகலம் மேலே நிற்கிறது. ஒருநாளில் ஒன்றிரண்டு முறை அடி தொட்டால் கவலைப்பட மாட்டேன். ஒருபோதும் தொடவில்லை என்றால், இருக்கும் நீளத்தைப் பயன்படுத்தாமல் வீணாக்குகிறோம் என்று அர்த்தம்.

கிளிக்கை எண்ணும்போது முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் அன்று மூன்றையும் சேர்த்து மாற்றியதால்தான் எது கெடுத்தது என்று தெரியாமல் போனது.

* * *

நண்பரே, பின்பக்கம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முன்பக்கம்தான் தலைவலி. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஸ்கீ பிடிக்காமல் வண்டி நேராக வெளியே போகும். லிமிட்டர் ஸ்ட்ராப்பை (பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு கீழே நீளலாம் என்று கட்டுப்படுத்தும் வாரை) ஒரு துளை சுருக்கினால் ஸ்கீ மேல் எடை ஏறும் என்றார்கள், சுருக்கினேன். இரண்டு ஸ்ட்ராப் இருந்தால் இரண்டையும் ஒரே அளவில் சுருக்க வேண்டும், மறக்காதீர்கள். பிடிப்பு வந்தது உண்மை. ஆனால் ஹாண்டில் கனத்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முன்கை கல்லாக இறுகியது. மேடுகளிலும் முன்புறம் முரட்டுத்தனமாக இடித்தது.

ஸ்ட்ராப்பைப் பழைய துளைக்கே கொண்டுபோய்விட்டு, நடு ஷாக்கின் (பின் சஸ்பென்ஷனுக்குள் முன்பக்கம் இருக்கும் ஷாக்கின்) ஸ்பிரிங் பிரீலோடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். நடு ஷாக் வண்டியின் மூக்கைத் தூக்கிப் பிடிப்பது போல வேலை செய்கிறது. அதைத் தளர்த்தினால் அந்த எடை ஸ்கீக்குப் போகிறது. இதே பலன், கைக்கு இவ்வளவு கனம் இல்லாமல் கிடைத்தது. கூடவே, வளைவுக்குள் போகும்முன் உடம்பை முன்னால் கொண்டுவரப் பழகினேன். 2003 மாடலாக ஸ்கி-டூ ரெவ் என்ற ஸ்னோமொபைல் வந்து ஓட்டுபவரை முன்னால் நகர்த்தி உட்கார வைத்த பிறகு வந்த வண்டிகளில் நம் எடை எங்கே இருக்கிறது என்பது ரொம்பவே கணக்கில் வருகிறது. அப்புறம் உட்பக்க ஸ்கீ மேலே எழும்பத் தொடங்கினால் ஸ்கீ ஸ்பிரிங்கையும் ஸ்வே பாரையும் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியையும்) பார்க்க வேண்டும், ஸ்ட்ராப்பைச் சுருக்கியதால் அது முழுதாக அடங்கிவிடாது.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் வண்டியைச் சாய்த்து ஸ்கீயின் அடியைப் பார்த்தேன். பனியைப் பிடிக்க ஸ்கீயின் அடியில் இருக்கும் கடின உலோகமான கார்பைடு முனையில் நகத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, கூர்மையே இல்லை. புதிது போட்ட அன்று பாதிப் பிரச்சினை காணாமல் போனது. எந்த போல்ட்டையும் தொடுவதற்கு முன் அதைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

* * *

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். குளிரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மைனஸ் 25 டிகிரியில் ஷாக்கில் இருக்கும் எண்ணெய் கெட்டியாக இருக்கும். காலையில் முதல் சில கிலோமீட்டரில் வண்டி கட்டை மாதிரிதான் போகும். அதைப் பார்த்துக் கிளிக்கைத் திறந்துவிட்டால், சூடேறியதும் வண்டி தள்ளாடும். பத்து கிலோமீட்டராவது ஓட்டிய பிறகுதான் கையை வைப்பேன்.

இதற்கு நேர்மாறானதும் நடந்தது. காலையில் அருமையாக இருந்த வண்டி, மதியம் தொடர் மேடுகளில் பந்து போலக் குதித்தது. கிளிக்கை எவ்வளவு மூடினாலும் பலன் இல்லை. மூன்று பனிக்காலம் சர்வீஸ் செய்யாத ஷாக். பிரித்தபோது வந்த எண்ணெய் சேற்றுத் தண்ணீர் நிறத்தில் இருந்தது, பக்கத்தில் வைத்த புது எண்ணெயோடு ஒப்பிடவே முடியாது. பழைய எண்ணெய் சூடேறினால் நீர்த்துப் போகிறது, வாயு கலந்தால் நுரைக்கிறது, அப்போது ஷாக்கில் தடையே இருப்பதில்லை. முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் ஒருமுறை சர்வீஸ் செய்துவிடுவது நல்லது. உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பதால் தெரியாமல் திறந்துவிடாதீர்கள், அதற்கான கருவி இருப்பவரிடமே கொடுங்கள்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடியும். கார்பைடைப் போய்ப் பார்த்தேன். என்னுடையதும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. புதிது போட்டு, பத்து கிலோமீட்டர் சூடேற்றிவிட்டு, அதே ஐந்து மேட்டில் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.