முரளிக்கு வந்த நோட்டீஸ் (குடும்பக் குழு அரட்டை)

செல்வி அத்தை: முரளிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மண்சரிவில் இவனுடைய மீட்புக் குழு தேடி எடுத்ததே, அந்த ஆள் வீட்டிலிருந்துதான். கீழே இறக்கும்போது ஸ்ட்ரெச்சர் சறுக்கி முறிந்த கால் இன்னும் மோசமாகிவிட்டதாம், நஷ்டஈடு கேட்கிறார்கள். பிள்ளை காலையிலிருந்து சாப்பிடவில்லை

கவிதா: ஐயோ. உயிரோடு கொண்டுவந்ததற்கா?

பெரியப்பா: இந்த வேலை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்

செல்வி அத்தை: அண்ணா, இப்போது அது வேண்டாமே

ராஜி சித்தி: உதவி செய்தவர் மேல் கேஸ் போட முடியாது, சட்டமே இருக்கிறது. மேலே அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்

சேகர் மாமா: ராஜி, அது மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு, 2019இல் சேர்த்தது. வாகன விபத்துக்கு மட்டும்தான். நாம் பார்க்க வேண்டியது 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 73ஆவது பிரிவு. அரசின் சார்பில் வேலை செய்தவர் நல்லெண்ணத்தோடு செய்ததற்கு வழக்குப் போட முடியாது என்கிறது. அதனால் "சார்பில்" என்பதைக் காட்டியாக வேண்டும். முரளி, அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டது யார்?

முரளி: தீயணைப்பு அலுவலர் எங்கள் தலைவருக்குப் போன் செய்தார் மாமா, அவர் எங்களுக்கு மெசேஜ் போட்டார். அங்கே போனதும் ஒரு நோட்டில் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்

சேகர் மாமா: அந்த நோட்டு முக்கியம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வை, மெசேஜ் எதையும் அழிக்காதே. அப்புறம் நல்லெண்ணம் என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. குற்றச் சட்டத்தில் உரிய கவனம் இல்லாமல் செய்தது நல்லெண்ணம் ஆகாது. சட்டச் சொற்களுக்குப் பொது விளக்கம் தரும் 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்திலோ நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவு இருந்தாலும் சரி. பேரிடர் சட்டத்துக்கு இந்த இரண்டாவது அர்த்தம்தான் என்று வாதாடலாம்

கவிதா: மாமா, கொஞ்சம் சுருக்கமாக

பெரியப்பா: சேகர் யோசனையைக் கேட்டுத்தான் பாகப்பிரிவினை பத்து வருடம் இழுத்தது

சேகர் மாமா: அத்தான், கையெழுத்துப் போடாதது நீங்கள்

ராஜி சித்தி: பாட்டிக்குச் சனிக்கிழமை கண் ஆபரேஷன், கூட யார் போவது?

முரளி: மாமா, ஸ்ட்ரெச்சர் கயிற்றில் அந்த இரண்டாவது முடிச்சை நான்தான் போட்டேன். கயிறு முழுக்கச் சேறு, இருட்டு. உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது

சேகர் மாமா: அதை வக்கீலிடம் சொல், இங்கே எழுதாதே. முடிச்சு சறுக்குவது வேறு, பயிற்சியே இல்லாமல் ஒரு காரியத்தில் இறங்குவது வேறு. உங்கள் குழுவுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

முரளி: விபத்துக் காப்பீடு இருக்கிறது

சேகர் மாமா: அது உனக்கு அடிபட்டால்தான். அடுத்தவருக்கு ஆன நஷ்டத்துக்கு மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு வேண்டும்

முரளி: தலைவர் "அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்

சேகர் மாமா: உங்களை அனுப்பிவிட்டு அவரை ஒதுங்க விடக்கூடாது. நோட்டீஸ் குழுவுக்கும்தானே வந்திருக்கிறது, பதிலைச் சேர்ந்து கொடுக்கச் சொல். நோட்டீஸ் வந்ததாலேயே வழக்கு ஆகிவிடாது, பயப்படாதே. சனிக்கிழமை வக்கீலைப் பார்க்கலாம்

முரளி: நாளைக்குப் பயிற்சி இருக்கிறது. போகட்டுமா?

செல்வி அத்தை: வேண்டாம்ப்பா

கவிதா: போகட்டும் அத்தை

பெரியப்பா: சனிக்கிழமை எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்

ராஜி சித்தி: அப்படியென்றால் பாட்டியோடு யார்?