புதுப்பிப்பு: களப்பணியில் 'மாமா' குழப்பம் தீர்ந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முதுகலை மானிடவியல் களப்பணியில், ஒரு மீனவ கிராமத்தில் உறவுமுறைச் சொற்களைச் சேகரிக்கும்போது சிக்கிக்கொண்டதாக எழுதியிருந்தேன். "மாமா என்றால் யார்?" என்று கேட்டால் வீட்டுக்கு வீடு வேறு பதில்.

கைகொடுத்தது, பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிவர்ஸின் வம்சாவளி முறையைச் சொன்னவரின் யோசனை. 1901-02இல் நீலகிரித் தோடர்களிடம் ரிவர்ஸ் கையாண்ட முறை அது. வினாத்தாளை எடுத்து வைத்துவிட்டு, பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் என்று பெயர்களை மட்டும் கேட்டுக் கொடிவழி வரைந்தேன். அப்புறம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். குழப்பத்தின் காரணம் அப்போதுதான் புரிந்தது. தாய்மாமன் மகளைக் கட்டியவருக்குத் தாய்மாமனே மாமனார். அப்பா தலைமுறையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால் அத்தையின் கணவரும் அவரேதான். மக்கள் சொன்னது சரி, என் கேள்விதான் தவறு.

எதிர்பாராத ஒன்று: வயதான பெண்கள் கணவர் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அது சொல்லிவிடும். இறந்த மகனின் பெயர் வந்ததும் ஒரு பாட்டி அழுதுவிட்டார். அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு அவருடன் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு மாலைப் பொழுதாவது ஒதுக்குங்கள்.