கடவுளை நம்பாதவரின் யோக்கியதை: எதிர்ப்பட்ட வாதங்களும் அவற்றைச் சோதித்த விதமும் (புனைபெயர்களில் நான்கு பேரின் உரையாடல்)

துலாக்கோல்:
"சாமி பயம் இல்லாதவன் எதுக்கும் துணிவான்." அடிக்கடி எதிர்ப்படும் வாதம் இதுதான். இந்த எண்ணத்துக்கு எவ்வளவு வேர் என்று 2017-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. 13 நாடுகள், 3,000-க்கு மேற்பட்டவர்கள். சிறுவயதில் விலங்குகளை வதைத்து, வளர்ந்தபின் வீடற்றவர்களைக் கொன்ற ஒருவனைப் பற்றிய குறிப்பு. அவன் ஆசிரியனா, அல்லது ஆசிரியனும் நாத்திகனுமா, எதற்கு வாய்ப்பு அதிகம்? கணக்குப்படி இரண்டாவது முதலாவதை மிஞ்சவே முடியாது. நாத்திக ஆசிரியரும் ஆசிரியர்தானே. வேறொரு சாராருக்கு 'நாத்திகன்' இருந்த இடத்தில் 'மதநம்பிக்கை உள்ளவன்' என்று போட்டுக் கொடுத்தார்கள். 'நாத்திகன்' என்று இருந்தபோது கணக்கில் சறுக்கியவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாத்திகர்களிடமும் இதே சாய்வு தெரிந்ததுதான் வேடிக்கை.

ஓரக்குறிப்பு:
அது மற்றவர் மனதில் இருக்கும் சந்தேகத்தின் அளவு. நடத்தையின் அளவு வேறு. 2014-ல் வெளியான ஆய்வில் அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 1,252 பேரின் ஸ்மார்ட்போனுக்கு மூன்று நாட்கள், நாளுக்கு ஐந்து முறை கேள்வி போனது: கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ செய்தீர்களா, பார்த்தீர்களா? செய்த நல்லது கெட்டதின் எண்ணிக்கையில் மத நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதுவும் அவரவர் வாயால் சொன்னதுதான், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் கேட்பதால் ஞாபகம் பூசி மெழுக இடம் குறைவு. "நீங்கள் பிறருக்கு உதவுபவரா?" என்று பொதுவாகக் கேட்கும் படிவங்களை நம்பவேண்டாம். நல்லபேர் வாங்கும் ஆசை விடையில் கலந்துவிடும்.

நூலாம்படை:
நாத்திகரே மேல் என்று காட்டப் போன எதிர்ப்பக்கம் சறுக்கியதையும் சொல்லவேண்டும். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஸ்டிக்கர்களைக் குறைவாகப் பகிர்ந்தார்கள் என்று 2015-ல் ஆறு நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாளிதழ்கள் கொண்டாடின. 2019-ல் அது திரும்பப் பெறப்பட்டது. நாடுகளுக்குச் சும்மா அடையாளமாக வைத்த எண்களைக் கணிப்பில் அளவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்; அதாவது 6-ஆம் எண் நாடு, 3-ஆம் எண் நாட்டைவிட இரண்டு மடங்கு 'நாடு'! நாடு வாரியாகச் சரியாகப் பிரித்தபோது, பகிர்வில் தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் நாட்டைச் சார்ந்தது என்று ஆனது. இன்றும் யாராவது அதை எடுத்து நீட்டினால், அது எந்த ஆண்டு ஆய்வு என்று கேளுங்கள்.

துலாக்கோல்:
சரியான உதாரணம். கூடவே 1973-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கிறிஸ்தவ இறையியல் மாணவர்களிடம் நடந்த சோதனை. வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். எல்லாரும் பக்திமான்களே.

கடைவரி:
சட்டத்திலும் இந்தச் சந்தேகம் இருந்தது. கடவுளை மறுப்பவனின் சத்தியம் செல்லாது என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1689-ல் வாதிட்டார். 1880-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான நாத்திகர் சார்ல்ஸ் பிராட்லா, கடவுள் பெயரில் எடுக்கவேண்டிய பதவிப் பிரமாணம் பற்றிய தகராறால் 1886-ல்தான் உறுப்பினராக நிலைத்து அமர முடிந்தது. கடவுள் பெயரில்லாத உறுதிமொழி 1888-ல் சட்டமானது.

இனி நடைமுறை. ஒருவரிடம் பணப் பொறுப்பைக் கொடுக்குமுன் நம்பிக்கையைக் கேட்பதில் பயனில்லை. முன்பு வைத்த கணக்கைக் கேளுங்கள். அவருக்குக் கீழே வேலை செய்தவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். பக்திமானாக இருந்தாலும் இரண்டுதான்.