கலைச்சொல்: ‘லாஜிஸ்டிக்ஸ் ஃபிரிகேட்’, வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளிக் கணினி ஆட்டத்தின் தொடக்கநிலைக் கையேட்டின் தமிழ்ப்படி வெள்ளியன்று போகிறது. பேன்டம், பர்ஸ்ட், நேவிடாஸ், இன்க்விசிட்டர் நான்கையும் ‘தளவாடக் கப்பல்’ என்று போட்டிருக்கிறார்கள். படிக்கிறவர் சரக்கு ஏற்றப் போய்விடுவார். வேலையோ, சண்டைக்கு நடுவே தோழர் கப்பலைத் தொலைவிலிருந்து தேற்றுவது. என்ன சொல்லலாம்?
— க.

செப்பக்கலம். செப்பனிடும் கலம். முடிந்தது.
— மு.

> முடிந்தது

முடியவில்லை ஐயா. பேன்டமும் பர்ஸ்ட்டும் கேடயத்தை ஏற்றுபவை. கருவியின் சுற்று (அது ஒருமுறை ஓடும் நேரம்) தொடங்கியதுமே பலன் கிடைத்துவிடும். நேவிடாஸும் இன்க்விசிட்டரும் கவசத்தை ஒட்டுபவை. சுற்று முடிந்தால்தான் பலன். கவசக்காரர் பிந்தினால் தோழர் வெடித்தபிறகே ஒட்டு விழும். ‘செப்பம்’ கவசத்துக்குச் சரி. கேடயத்துக்கு ‘ஊட்டம்’ அல்லவா?
— செ.

புணை என்ற சொல் இருக்கக் கலம் எதற்கு? குறள் 306: ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’. இனமே நம்மைக் காக்கும் தெப்பம். குழுவாகப் பறக்கும் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? ஏமப்புணை! புண்ணை ஆற்றுவதாலும் புணை.
— த.

புணைக்கும் புண்ணுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை அண்ணா. மரங்களைப் பிணைத்துக் கட்டுவதால் புணை. ‘ஏமப்புணை’ என்றால் பதினைந்து வயதுப் பையன் ஏமாற்றுக் கப்பல் என்றுதான் படிப்பான்.
— செ.

எங்கட பக்கம் பழுதான வாகனம் திருத்தகத்துக்குத்தான் போகும். ‘திருத்துக்கலம்’ எண்டு வைக்கலாமே?
— யா.

திருத்துகலம். வினைத்தொகையில் வலி மிகாது, ஊறுகாயைப் பாருங்கள். தவிர, தமிழ்நாட்டில் திருத்துவது விடைத்தாளை.
— மு.

பெயர் கிடக்கட்டும், கையேட்டில் உள்ள பிழையைப் பாருங்கள். ‘அடி விழுந்ததும் உதவி கேட்கவும்’ என்று இருக்கிறது. தப்பு. எதிரி குறிவைக்கும்போதே திரைப் பட்டியலில் அவன் கப்பலின் குறியீட்டைச் சுற்றி மஞ்சள் கட்டம் மின்னும். அப்போதே கேட்க வேண்டும். கேட்டவர் கப்பலை நாம் பூட்டவும் நேரம் பிடிக்கும். கருவிகளுக்கு ஆற்றல் தரும் மின்தேக்கி நிரம்பும் வேகம், அதில் 25 விழுக்காடு இருக்கும்போதுதான் உச்சம். அதற்குக் கீழே இறங்கவிட்டால் மீட்பது பெரும்பாடு. யாருக்கும் அடி விழாதபோது கருவியை அணைத்து வையுங்கள். இன்னொன்று: காவல் மிகுந்த பகுதியில், சந்தேகக் குறி (எவரும் சுடலாம் என்ற அடையாளம்) விழுந்தவரைத் தேற்றினால் அந்தக் குறி நமக்கும் ஒட்டும். பாதுகாப்புப் பொத்தான் பச்சையில் இருந்தால் ஆட்டமே தடுத்துவிடும்.
— வி.

> பூட்டவும்

‘லாக்’ என்பதற்குப் பூட்டா? இலக்குப் பற்றுதல்.
— த.

குரல்வழியில் ‘இலக்குப் பற்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு கப்பல் போயிருக்கும். ஆடுகிறவர்கள் சொல்வது ‘லாஜி’. இரண்டே எழுத்து.
— வி.

லாஜி தமிழா?
— த.

அடிக்குறிப்பாவது போடுங்கள். பேன்டம், பர்ஸ்ட், நேவிடாஸ் மூன்றும் 2012 வரை சுரங்கக் கப்பல்கள். பணி மாறும், ஆகவே கப்பலின் பெயரை மொழிபெயர்க்காதீர்கள், பணியை மட்டும் பெயர்த்தால் போதும்.
— செ.

வெள்ளிக்குச் ‘செப்பக்கலம்’ போகிறது, முதல் முறை மட்டும் பக்கத்தில் ‘லாஜி’. கேடயத்துக்கு ‘ஏற்று’, கவசத்துக்கு ‘ஒட்டு’. மஞ்சள் கட்டப் பிழையையும் திருத்திவிட்டேன்.
— க.

பார்த்தீர்களா, நீங்களே திருத்திவிட்டேன் எண்டுதான் எழுதிறியள்.
— யா.