மதுரை விமான நிலையம்: அம்மா தனியாகப் போகிறார், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருமங்கலம் செல்வி:

என் அம்மாவுக்கு 71 வயது. வலது முழங்காலில் செயற்கை மூட்டு வைத்திருக்கிறது. சென்னையில் என் தம்பி மகளுக்கு வளைகாப்பு. தம்பி அம்மாவுக்கு மட்டும் விமான டிக்கெட் போட்டுவிட்டான். என்னால் கடையை விட்டுவிட்டுக் கூடப் போக முடியாது. "மதுரை விமான நிலையம் சின்னதுதானே அக்கா, அம்மா சமாளித்துக்கொள்வார்" என்கிறான். அம்மா அந்த வாசலைக்கூடப் பார்த்ததில்லை. சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைக்கலாம் என்றால், "நான் என்ன படுக்கையிலா கிடக்கிறேன்?" என்று சண்டைக்கு வருகிறார்.

வெற்றிலைப் பெட்டி இல்லாமல் அவர் எங்கும் கிளம்பமாட்டார். அதுபோக முறுக்கு, அதிரசம், சாம்பார்ப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். ஆதாரில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, இனிஷியல்கூட இல்லை. டிக்கெட்டில் தம்பி அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். இதனால் தகராறு வருமா? நான் எதுவரை கூடப் போகலாம்?

பெருங்குடிக்காரர்:

அம்மா செல்வி, நான் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். வீடு மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பெருங்குடியில். விமானம் இறங்கும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பேச்சு நிற்கும். மகள் சென்னையில் இருப்பதால் அடிக்கடி போய்வருகிறேன்.

உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. 2010இல் திறந்த ஒரே முனையக் கட்டடம்தான், உள்ளே வழி தவற இடமே இல்லை. ஆனால் கொழும்புக்கும் துபாய்க்கும் போகிறவர்களும் அதே கட்டடத்துக்குத்தான் வரவேண்டும். ஒருவரை வழியனுப்பப் பத்துப் பேர் வருவது நம் ஊர் வழக்கமாயிற்றே! அந்த நேரத்தில் அம்மாவை இறக்கிவிட்டால் வாசலை அடைவதற்கே பாடு. கட்டடம் சின்னது என்பதற்காகப் பெட்டியைக் கொடுத்து இருக்கைச் சீட்டு வாங்கும் கவுன்ட்டரை யாரும் கூடுதல் நேரம் திறந்துவைக்கமாட்டார்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதற்காக விடியற்காலையிலேயே கொண்டுபோய் உட்கார வைக்கவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்தால் தாராளம்.

நீங்கள் வாசல்வரைதான். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் அங்கேயே டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்ப்பார். அசல் ஆதார் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் செல்லாது. பெயர் விஷயத்தை வாசலில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இன்றே விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஆதாரில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குப் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடுவது உண்டு. டிக்கெட்டில் பெயர் இரட்டையாக அச்சாகும், பரவாயில்லை.

வெற்றிலைப் பெட்டி போகலாம், பாக்குவெட்டி போகாது. அதைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, சீவிய பாக்கைக் கையில் கொடுங்கள். மிளகாய் சேர்ந்த பொடியையும் ஊறுகாயையும் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். அவையும் பெரிய பெட்டிக்குத்தான். பெரிய பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். கவுன்ட்டருக்கு முன்னால் பெட்டியைத் திறந்து அதிரசத்தை இடம் மாற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைகைப் பயணி:

இவ்வளவு தலைவலி எதற்கு? காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால் பிற்பகலில் எழும்பூர். பாக்குவெட்டியும் கூடவே போகும்.

பெருங்குடிக்காரர்:

தம்பி, ஏழரை மணி நேரம் அந்த முழங்காலை மடக்கி உட்காரப்போவது நீங்கள் இல்லை.

திருநகர் வாசுகி:

எனக்கும் முழங்கால் மாற்றியிருக்கிறது. உலோகம் என்பதால் சோதனை வாயிலில் பெரும்பாலும் சத்தம் வரும். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பதறிவிடுவார். சோதிக்கும் பெண் காவலரிடம் "மூட்டு மாற்றியிருக்கிறது" என்று சொல்லிக் காலைத் தொட்டுக் காட்டினால் போதும். திரைக்குள் வைத்துக் கைக்கருவியால் தடவிப் பார்ப்பார். நான் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கொடுத்த சுருக்கச் சீட்டைக் கையோடு வைத்திருப்பேன்.

சக்கர நாற்காலியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு முன்பே விமான நிறுவனத்தில் பதிந்துவிடுங்கள். நானும் முதலில் வீம்பு பிடித்தவள்தான். அதைத் தள்ளி வருகிறவருக்கு எல்லா வழியும் அத்துப்படி. சென்னையில் பெட்டியை எடுத்துக்கொடுத்து வெளிவாசல் வரை கொண்டுவந்து விடுவார். "வழி காட்ட ஓர் ஆள் வருவார், நாற்காலி அவரோடு வருவது" என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

திருமங்கலம் செல்வி:

பெயரைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். நாற்காலிக்கும் ஒரு வழியாகச் சம்மதித்துவிட்டார், ஆனால் "வாசலில் நீ நிற்கக்கூடாது, ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்கிறார். இன்னும் இரண்டு கேள்வி. தட்டு வரிசைக்குத் தேங்காயும் கொப்பரையும் கொடுத்துவிடலாமா? மல்லிகைப்பூ?

பெருங்குடிக்காரர்:

கொப்பரை எந்தப் பெட்டியிலும் வேண்டாம். எண்ணெய்ப் பசையில் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று தடுத்திருக்கிறார்கள். முழுத் தேங்காயையும் கைப்பையில் விடமாட்டார்கள். 2024இல் சபரிமலை இருமுடிக்குத்தான் சீசன் முடியும்வரை விலக்குக் கொடுத்தார்கள். சென்னையில் தேங்காய்க்கா பஞ்சம், அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். பூவுக்குத் தடை இல்லை. உதிரியாக வேண்டாம், கட்டிய சரமாக வாழை இலையில் சுற்றிக் கைப்பையில் மேலாக வையுங்கள்.

டிக்கெட்டில் விமானம் ஏ.டி.ஆர். என்று இருக்கிறதா, பாருங்கள். சென்னைக்கு அந்தச் சின்ன விமானமும் ஓடுகிறது. அதற்கு ஏறும் கதவு வால் பக்கம். பஸ் பழக்கத்தில் எல்லாரும் முன் இருக்கைக்கு ஆசைப்பட்டு, நெருக்கமான நடைபாதையில் கடைசிவரை நடப்பார்கள். அம்மாவுக்குப் பின் வரிசையில், நடைபாதை ஓரமாக, வலது காலை நீட்டத் தோதாக இடம் கேளுங்கள். இரண்டிரண்டு இருக்கைதான், நடுவில் மாட்டிக்கொள்ளும் சங்கடமும் இல்லை.

திருமங்கலத்திலிருந்து நகருக்குள் வராமல் கப்பலூரில் சுற்றுச்சாலையைப் பிடியுங்கள். பயணம் தை முதல் நாளில் இல்லையே? அன்றைக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது.

திருமங்கலம் செல்வி:

இல்லை ஐயா, மாசியில்தான். ஏ.டி.ஆர். என்றுதான் போட்டிருக்கிறது, 18ஆம் வரிசை கேட்டு வாங்கிவிட்டேன்.