கடல் முள்ளெலிக் கருவில் ஆல்க்ஸ்1 ஜீன் விழிப்பது கருவுற்ற 9-ஆம் மணியில் என்கிறது மாடல், தொட்டியில் அதற்கு முன்பே வந்துவிடுகிறது – தப்பு யார் பக்கம்?

மண்டபம்வாசி:
நண்டு வலையில் சிக்கி வரும் சால்மாசிஸ் கடல் முள்ளெலிகளை வாங்கி வந்து, பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டு முட்டையும் விந்தும் எடுத்து, கருவில் எந்த ஜீன் எப்போது விழிக்கிறது என்று க்யூபிசிஆரில் (ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் சோதனை) பார்க்கிறோம். பைத்தான் மாடல் சென்னையில் இருக்கும் கூட்டாளியுடையது, கலிஃபோர்னியாவின் ஊதா முள்ளெலிக்கு உயிரியலாளர் எரிக் டேவிட்சன் குழு வரைந்த ஜீன் வலைப்பின்னலை (எந்த ஜீன் எதை எழுப்பும், எதை அடக்கும் என்ற வரைபடம்) வைத்து எழுதினார். பிமார்1 என்ற ஜீன் வந்து ஹெஸ்-சி என்ற ஜீனை அடக்கும், அது அடங்கியதும் ஆல்க்ஸ்1 எழும்பும், அந்தச் செல்கள்தான் பிற்பாடு எலும்புக்கூடு கட்டும். வரிசை சரியாகவே வருகிறது. நேரம்தான் உதைக்கிறது. மாடல் 9-ஆம் மணி என்கிறது. எங்கள் 3-ஆம் மணி சாம்பிளில் ஆல்க்ஸ்1 இல்லை, 6-ஆம் மணியில் உச்சத்தில் நிற்கிறது. சாம்பிள் கெட்டுவிட்டது என்கிறார் அவர், கோடில் கோளாறு என்கிறேன் நான். ஒரு வாரமாக இதே பேச்சு.

நிரல்கிறுக்கன்:
தண்ணீர் எத்தனை டிகிரி? கோடில் ஒரு ஸ்டெப் எவ்வளவு நேரம்?

மண்டபம்வாசி:
28 டிகிரி. ஸ்டெப் 3 மணி. ஏன் என்று கேட்டால் ‘பேப்பரில் அப்படித்தான்’ என்கிறார்.

நிரல்கிறுக்கன்:
அங்கேதான் இடிக்கிறது. 2012-இல் பீட்டர், ஃபோர், டேவிட்சன் வெளியிட்ட பூலியன் மாடலில் (ஜீனை ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ என்று மட்டும் கணக்கிடுவது) ஒரு ஜீன் விழித்து, அதன் புரதம் சேர்ந்து, அடுத்த ஜீனை எழுப்ப 3 மணி என்று வைத்தது 15 டிகிரி குளிர்நீரில் வளரும் கருவுக்கு. உங்கள் தண்ணீரில் கரு ஓட்டமாக ஓடும். உறையை உடைத்துக்கொண்டு கரு நீந்தி வருவது எத்தனையாவது மணி? ஊதாவில் 18 மணி வாக்கில்.

மண்டபம்வாசி:
7.

நிரல்கிறுக்கன்:
7-ஐ 18-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்குங்கள், 1 மணி 10 நிமிடம். அதை ஸ்டெப்பாகப் போட்டு ஓட்டுங்கள். அப்புறம், 3 மணி நேரத்துக்கு ஒரு சாம்பிள் என்றால் இரண்டு ஸ்டெப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறீர்கள், ஹெஸ்-சி இறங்குவதே தெரியாது. 40 நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள்.

தொண்டிக்கரை:
குறுக்கே வருகிறேன் அண்ணே. எல்லாத் தொகுதியும் ஒரே மாதத்தில் எடுத்ததா? சித்திரைத் தண்ணீரும் மார்கழி வாடையில் கிடக்கிற தண்ணீரும் ஒன்றா? வாளியில் வைத்து வளர்த்துவிட்டு ஒரே கோப்பில் கலந்தால் அந்தச் சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மணிக்கணக்கை விட்டு, பொரிப்பு, குடல் உள்மடிதல் என்று பருவக் கணக்கில் அடுக்குங்கள். இன்னொன்று, பென்சில் முள்ளெலிகளில் இந்த இரட்டை அடக்கல் (ஆல்க்ஸ்1-ஐ அடக்கும் ஹெஸ்-சியை பிமார்1 அடக்குவது) அப்படியே கிடையாது. சால்மாசிஸில் ஹெஸ்-சியைத் தடுத்துப் பார்க்காமல் ‘இருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள்.

மண்டபம்வாசி:
ஓட்டியாயிற்று. மூன்றரை மணி காட்டுகிறது! மார்கழித் தொகுதி மட்டும் தனியே பிந்தி நிற்கிறது, தம்பி சொன்னது சரி. கூட்டாளி ‘ம்’ என்று ஒரே எழுத்தில் பதில் போட்டார், அதுவே பெரிது. இனி 40 நிமிடத்துக்கு ஒரு சாம்பிள், விடிய விடிய. ராத்திரி கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று ஊத பேட்டரி மோட்டார் ராமேஸ்வரம் பக்கம் எங்கே கிடைக்கும்?